லிண்டி ஹாப்பைத் தமிழரிடம் பரப்பியவள்

ஒஸ்லோத் தமிழர்களிடையே லிண்டி ஹாப் என்ற ஆட்டத்தைப் பரப்பிய பெருமை என்னையே சேரும். இதற்காக யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. பொங்கல் விழா மேடைகளில் வருடா வருடம் யார் யாருக்கோ போர்த்துகிறார்கள். எனக்குப் போர்த்தாததற்குக் காரணம் இருக்கிறது. நான் அதைப் பரப்பிய விதம் அப்படி. கட்டிலில் உட்கார்ந்தபடி, ஒற்றை விரலால், ஒரு நிமிடத்துக்குள் பரப்பினேன். அது ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு டொரொன்டோ வரை போய்ச் சேர்ந்தது. என் தங்கையின் கல்யாணம் அதில் நின்றுபோனது.

ஆட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயோர்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கறுப்பின மக்கள் உண்டாக்கியது இது. பகலெல்லாம் வெள்ளையர் வீடுகளில் துணி துவைத்தவர்கள், தரை துடைத்தவர்கள், லிஃப்டில் பொத்தானை அமர்த்திக்கொண்டு நின்றவர்கள், வேலை முடிந்ததும் பெரிய நடன மண்டபங்களுக்குப் போய் ஆடினார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து குழல்களை ஊதி முழக்கும் ஸ்விங் இசை. பழைய சார்ல்ஸ்டன் ஆட்டத்திலிருந்து காலை எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஜோடி நடனத்திலிருந்து அணைப்பை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த அணைப்பையும் நடுவில் உதறிவிட்டு, ஒரு கை மட்டும் தொட்டிருக்க, இருவரும் விலகித் தங்கள் இஷ்டத்துக்கு ஆடலாம் என்றார்கள். அந்த நாட்களில் லிண்டி என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒரு விமானி அட்லாண்டிக் கடலைத் தனியாகத் தாண்டியிருந்தான், அதையொட்டித்தான் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. எங்கள் ஆசிரியை, “இது நிச்சயமில்லை” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பருவமும் அதைச் சொல்லுவார்.

அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த ஆட்டக்காரர்களைப் பழைய அமெரிக்கப் படங்களில் ஆடவிட்டார்கள். ஆனால் அந்தக் காட்சியைக் கதையோடு ஒட்டாமல் எடுத்தார்கள். தெற்கில் வெள்ளையர் கொட்டகைகளில் படம் ஓடும்போது அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிடலாம், கதை எங்கும் இடறாது. போருக்குப் பின் இசை மாறியது, மண்டபங்கள் மூடப்பட்டன, ஆடியவர்கள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். பல வருடங்கள் கழித்து ஸ்வீடன்காரர்கள் சிலர் அந்தப் பழைய படங்களைப் பார்த்து மயங்கி, நியூயோர்க்குக்குப் போய், கிழவர்களாகிவிட்டிருந்த ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஸ்டொக்ஹோமிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் அரை நாள்கூட ஆகாது.

இந்த வரலாற்றை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, கறுப்பின மக்கள் பட்ட பாட்டை நினைத்து ஐந்து நிமிடம் கவலைப்படுவோம். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு ஆடுவோம். அந்த வட்டத்தில் தரை துடைக்கிறவருடைய பிள்ளைகள் நானும் தங்கையும் மட்டும்தான். எங்கள் அம்மா ஒரு மருத்துவமனையில் முப்பது வருடமாகத் தரை துடைக்கிறார். அதை நாங்கள் அங்கே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்காகவும் ஐந்து நிமிடம் கவலைப்பட்டிருப்பார்கள்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு இங்கே வந்தவள். தங்கை இங்கே பிறந்தவள், என்னைவிட ஒன்பது வயது இளையவள். அப்பா இறந்து எட்டு வருடம். நான் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறேன். அவள் ஒரு பாலர் பாடசாலையில் வேலை செய்கிறாள். இடையில் பதினொரு மாதம் நான் லண்டனில் ஒருவருக்கு மனைவியாக இருந்தேன். அந்தச் சம்பந்தம் வந்தபோது அப்பா லண்டனில் தெரிந்தவர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்து விசாரித்தார். எங்கள் ஆட்களிடம் அது ஒரு கட்டாயமான சடங்கு. கேட்டவர்கள் அத்தனை பேரும், “நல்ல பெடியன்” என்றார்கள். அவர் குடிப்பதும் அடிப்பதும் அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது என்பதைப் பிறகு அதே ஆட்கள்தான் எனக்குச் சொன்னார்கள். நான் அம்மருட்டுக்குத் திரும்பி வந்து, என் பழைய அறையில், பழைய கட்டிலில் படுத்தேன்.

லிண்டி ஹாப் தங்கையின் ஆசை. வேலையிடத்தில் யாரோ அவளை ஒரு தடவை கூட்டிப்போயிருந்தார்கள். வீட்டுக்கு வந்து குசினியில் நின்று காலைத் தட்டிக் காட்டினாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“வெள்ளைக்காரப் பெடியளோடையோ ஆடுறது?”

தங்கை வாய் திறப்பதற்குள் நான் குறுக்கிட்டேன். “இல்லை அம்மா. நானும் போறன். நாங்கள் ரெண்டு பேரும்தான் ஆடுவம்.”

“அக்காவும் தங்கச்சியும் எண்டா என்ன, ஆடுங்கோ,” என்றார் அம்மா. “உடம்புக்கும் நல்லது.”

இப்படித்தான் நான் முப்பத்தெட்டு வயதில் ஆண் ஆடுகிற பக்கத்தை ஆடக் கற்றுக்கொண்டேன். இந்த ஆட்டத்தில் ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர் தொடர வேண்டும். யார் எது என்பதற்கு இப்போது ஆண் பெண் கணக்கு இல்லை. தங்கைக்குத் தொடர்வது இயல்பாக வந்தது. அதனால் நான் நடத்தினேன். அம்மாவிடம் சொன்னது அரைகுறை உண்மை. வகுப்பில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள், யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. தச்சன், பல் வைத்தியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லோருடைய கையையும் அவள் பிடித்தாள். நோர்வேக்காரர்களில் பாதிப் பேர் தோளில் பனி தள்ளும் பலகையைக் கட்டிக்கொண்டவர்கள் மாதிரித்தான் ஆடுவார்கள். வட்டம் சுற்றி அவள் மறுபடி என்னிடம் வரும்போது, இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

நான் நன்றாக ஆடினேன். தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது. என் வாழ்க்கையில் நான் சொல்லி எதுவும் நடந்ததில்லை. படிப்பு அப்பா சொன்னது, லண்டன் ஊர் சொன்னது, ஆய்வுகூடத்தில் பொறுப்பாளர் சொல்வது. இங்கே நான் இடது கையைச் சற்றுத் தாழ்த்தினால் அவள் சுழன்றாள். உயர்த்தினால் நின்றாள். நான் நினைத்து முடிக்கும் முன்னரே அவள் செய்து முடித்துவிடுவாள். என் கைக்குள் ஒரு மனித உயிர் இத்தனை நம்பிக்கையோடு அதற்கு முன்னர் வந்ததில்லை. புதன்கிழமைக்காகவே வாரம் முழுவதையும் பொறுத்துக்கொண்டேன். ஐந்து வருடம் அப்படிப் போனது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்வீடனின் யொதெபொரி நகரத்தில் நடக்கும் போட்டிக்கு எங்கள் இருவரையும் அனுப்புவதாக ஆசிரியை சொல்லியிருந்தார். இரண்டு தமிழ்ப் பெண்கள், அதுவும் அக்காவும் தங்கையும். நோர்வேக்காரர்களுக்கு அது பார்க்க நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் லில்லெஸ்ட்ரோமிலிருந்து சம்பந்தம் வந்தது.

அவருக்கு முப்பத்தேழு வயது. மின்சார வேலை செய்பவர். உறவுக்கார மாமி ஒருவர் ஊடாக வந்தது, சாதகம் பொருந்தியது, இருவரும் மூன்று தடவை சந்தித்தார்கள். தங்கைக்குப் பிடித்துவிட்டது. மூன்றாவது தடவை சந்தித்துவிட்டு வந்து என் கட்டிலில் விழுந்து, கூரையைப் பார்த்தபடி அவர் சொன்ன சின்னப் பகிடிகளையெல்லாம் எனக்குத் திருப்பிச் சொன்னாள். அவை ஒன்றுகூடப் பகிடியாக இல்லை. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். முப்பத்து நான்கு வயதுவரை யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி ஊராரிடம் பேச்சு வாங்கியவளுக்கு, அந்தச் சப்பை மனிதரைப் பிடித்திருந்தது. ஆட்டத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லியிருந்தாள். ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றாராம்.

“அப்ப யொதெபொரி?” என்று கேட்டேன்.

“அதுக்குள்ளை கலியாணம் வந்திடும் போல கிடக்கு அக்கா. பிறகு லில்லெஸ்ட்ரோமிலை இருந்து புதன்கிழமையிலை வாறதெண்டா கஷ்டம். எப்பவாவது வருவன்.”

லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒஸ்லோ நடு நிலையத்துக்கு ரயிலில் கால்மணி நேரம்கூட இல்லை. அம்மருட்டிலிருந்து நாங்கள் போவதைவிட அது விரைவு. அது அவளுக்கும் தெரியும். அவள் வர முடியாமல் போகப்போவதில்லை. வர நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்து வருடத்தை எப்பவாவது என்ற ஒரு சொல்லில் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அவள் குளிக்கப் போனாள். அவள் மேல் பொறாமை, அவர் மேல் வெறுப்பு, இரண்டும் சேர்ந்து எரிந்தன. லண்டனிலிருந்து திரும்பிய நாளில்கூட நான் அப்படி இருந்ததில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை அவருடைய தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். விசாரிக்கிறவர்கள் பெண் வீட்டுக்கே எடுத்து விசாரிப்பது வழக்கமில்லை. ஊரில் பக்கத்து வளவில் இருந்தவர், கூடப் படித்தவர், கோயிலில் பார்த்தவர் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் என்ன இருந்தாலும், “நல்ல பிள்ளை” என்பார். அதைச் சொல்லுமுன் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதை வைத்துக் கேட்டவர் முடிவெடுப்பார். இந்த அம்மையார் நேரே என்னிடமே வந்துவிட்டார்.

“குறை நினையாதேங்கோ பிள்ளை,” என்றார். “நீங்களும் விசாரிச்ச இடத்திலை ஏமாந்துபோய் வந்து இருக்கிறனீங்கள். இன்னொருத்தருக்கு நீங்கள் பொய் சொல்ல மாட்டியள் எண்டுதான் உங்களுக்கு எடுத்தனான்.”

என் காயத்தைத் தொட்டுப் பார்த்து, அதில் தன் தேவைக்கு ஒரு துளி எடுத்துக்கொள்ளலாம் என்று எவ்வளவு நிதானமாக நினைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். மரியாதைதான் வந்தது.

“நல்ல பிள்ளை, அன்ரி,” என்றேன். யோசிக்காமல் உடனேதான் சொன்னேன்.

“அது தெரியும். லண்டனிலை மூத்த மகனுக்குக் காட்ட இப்பத்தையப் படம் ஒண்டு வேணும். நீங்கள் தந்தது பழசு. ஒண்டு அனுப்பி விடுவீங்களே?”

“ஓம் அன்ரி. இப்பவே அனுப்பிறன்.”

கைபேசியில் அவளுடைய படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தேர்த் திருவிழாவில் மாம்பழ நிறச் சேலையோடு, பூ வைத்து, குனிந்த தலையோடு ஒன்று. அதை அனுப்பியிருந்தால் இன்றைக்கு அவளுக்கு ஒரு குழந்தை இருந்திருக்கும். அதற்குக் கீழே, மூன்று வாரத்துக்கு முன்னர் ஆட்டக்காரர்களின் விருந்தில் நான் எடுத்த வீடியோ. நாற்பது விநாடி. தங்கை எங்கள் வகுப்பில் வரும் தாடிக்காரத் தச்சனோடு ஆடுகிறாள். அவன் ஆறடிக்கு மேல். பாவாடை முழங்காலுக்கு மேலே விரிய அவள் சுழல்கிறாள். அவன் அவளை இடுப்பில் அணைத்து இழுக்கிறான். கடைசியில் அவள் துள்ளி அவன் இடுப்பில் ஏறி, ஒரு கணம் இருந்து, மறுபக்கம் குதித்து இறங்கி, வாயை முழுவதும் திறந்து சிரிக்கிறாள். நெற்றியெல்லாம் வியர்வை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தவறுதலாகக் கை பட்டுவிட்டது என்று பிற்காலத்தில் எனக்கே ஒரு கதை சொல்லிப் பார்த்தேன். கை படவில்லை. அம்மையார் என்ன நினைப்பார் என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அதற்காகவே அனுப்பினேன். கீழே, “சந்தோசமான பிள்ளை” என்று எழுதவும் செய்தேன். அதன் பிறகு எழுந்துபோய்த் தேநீர் போட்டு, தங்கைக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்த உறவுக்கார மாமி அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். சாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், செவ்வாய் சரியில்லையாம். பொருந்திய சாதகம் இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று பொருந்தாமல் போனால் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தங்கை அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து, “அம்மாவை மீறி என்னால் முடியாது, மன்னிக்கவும்” என்று ஒரு வரி வந்தது. முப்பத்தேழு வயது மனிதர், ஒரு கட்டடத்துக்கே மின்சாரம் இழுப்பவர். அவரை நான் சரியாகவே எடைபோட்டிருந்தேன் என்பதில் ஒரு அற்பத் திருப்தி.

தங்கை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே அம்மா சத்தமாகவே அழுதார். நான் இருவருக்கும் சமைத்தேன். அவள் சாப்பிட மாட்டேன் என்றபோது பிசைந்து தீத்தினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஒருநாள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்து, “உன்னை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?” என்றாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் மகிழ்ச்சியாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. என் பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டுபிடித்தது போல மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவளை மெல்ல எழுப்பி, புதன்கிழமை வகுப்புக்குக் கூட்டிப்போனேன். அவள் கை என் கைக்குள் முன்னைவிடப் பாரமாக வந்து கிடந்தது. யொதெபொரிக்குப் போனோம். மூன்றாம் இடம் கிடைத்தது.

ஆனால் வீடியோ என் சொல் கேட்டு ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அம்மையார் அதை ஒஸ்லோவின் தென்கோடியில், பியோர்ண்டாலில் இருந்த தன் தங்கைக்கு, அபிப்பிராயம் கேட்க என்று அனுப்பியிருக்கிறார். அந்தத் தங்கை தன் நாத்தனாருக்கு. பிறகு அது கோயில் குழு, பழைய மாணவர் குழு, சமையல் குறிப்புக் குழு என்று டொரொன்டோ வரை போனது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்துவிட்டான். மளிகைக் கடையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு நின்ற என்னிடம் கடைக்காரப் பெண், “உங்கடை தங்கச்சி நல்லாச் சுத்துறா,” என்றாள். அம்மாவுக்கு அவரோடு தரை துடைக்கிற தோழி காட்டியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், “ஆர் இதை எடுத்தது?” என்று என்னைக் கேட்டார்.

“ஆரோ நோர்வேக்காரர்,” என்றேன்.

“இதுகளுக்கு வேறை வேலை இல்லையோ,” என்று அம்மா ஒரு இனத்தையே திட்டினார். அன்றிலிருந்து அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

தங்கைக்கும் அது வந்து சேர்ந்தது, குத்துப்பாட்டோடு. சம்பந்தம் ஏன் நின்றது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. யார் எடுத்தது, எப்படி அந்தக் கைகளுக்குப் போனது என்று தெரியவில்லை. விருந்தில் பத்துப் பேர் கைபேசியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். நானும் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து, அவனாக இருக்குமோ இவளாக இருக்குமோ என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், சிலருக்கு அது பிடித்துவிட்டது. ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிற சென்னைப் பெண் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “அக்கா, இது உங்க சிஸ்டர்தானே? செமயா ஆடுறாங்க. கிளாஸ் எங்க நடக்குது?” என்றாள். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. எங்கள் ஆட்களின் முகத்தில் நான் பார்த்த அந்தச் சின்னச் சிரிப்பும் இல்லை. அடுத்த பருவத்தில் அவளும் கணவரும் சேர்ந்தார்கள். பியோர்ண்டாலிலிருந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஐந்து வருடமாக நாங்கள் இருவர் மட்டும் இருந்த வட்டத்தில் ஆறு தமிழர். ஆசிரியை, இது எப்படி நடந்தது என்று வியந்துகொண்டே இருந்தார்.

அந்தப் பருவத்தின் முதல் வகுப்பு. வழக்கம் போல வட்டமாக உட்கார்ந்து கவலைப்பட்டு முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். பியோர்ண்டால் பிள்ளைகள் இருவரும் தங்கையிடம் வந்தார்கள்.

“அக்கா, நாங்கள் உங்கடை வீடியோ பாத்திட்டுத்தான் வந்தனாங்கள்.”

தங்கை சிரித்து வைத்தாள். “அந்தப் பாட்டுப் போட்டதோ?”

“அது இல்லை. எங்கடை அம்மாட்டை முதல் வந்தது, பாட்டு இல்லாதது. அதுதான் நல்லது. ஆரோ ஒரு அன்ரி பக்கத்திலை நிண்டு கத்திறது கேக்கும். காட்டட்டே?”

அவர்களில் ஒருத்தி கைபேசியை நீட்டி ஓடவிட்டாள். உண்மையான இசை, அதற்கு மேலே, கைபேசியின் பக்கத்தில், மிக அருகில், என் குரல். “அப்பிடித்தான். அப்பிடித்தான் என்ரை ராசாத்தி. விடாதை, ஏறு. ஐயோ என்ரை செல்லம்.” அதை அனுப்புவதற்கு முன் நான் ஒருதரம்கூடச் சத்தத்தோடு ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அனுப்பிய அன்று காலை தங்கை பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சத்தத்தை அடைத்து வைத்திருந்தேன். லில்லெஸ்ட்ரோம் அம்மையார் கேட்டிருப்பார். அவருடைய மகனும் கேட்டிருப்பார். பிள்ளைகள் யாருடைய குரல் என்று அறியாமல் சிரித்தார்கள். தங்கை இரண்டாம் தடவை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

வகுப்பு ஒன்றரை மணி நேரம். ஜோடி மாறி மாறி அவள் என்னிடம் நான்கு தடவை வந்தாள். நான்கு தடவையும் கையைக் கொடுத்தாள், நான் காட்டிய பக்கமெல்லாம் சுழன்றாள், எதிலும் பிழைவிடவில்லை. என் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்ப டே-பானே என்ற நகர ரயிலில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தோம். நேரம் எட்டு மணி இருக்கும், வெளியே நல்ல வெளிச்சம். சின்சன் நிலையம் தாண்டியது.

“ஆருக்கு அனுப்பினனீ?” என்று கேட்டாள்.

“ஒருத்தருக்கும் இல்லை.”

அவள் காத்திருந்தாள்.

“அவரின்ரை அம்மாவுக்கு,” என்றேன். “அவ படம் கேட்டவ.”

“படம் கேட்டவ.”

“ஓம்.”

“தெரிஞ்சுதான் அனுப்பினனீ.”

“ஓம்.”

“பிறகு எனக்குச் சோறு தீத்தினனீ.”

நான் தலையாட்டினேன். பக்கத்து இருக்கையில் ஒரு நோர்வேக் கிழவர் எங்கள் மொழி புரியாமல், மரியாதையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் குரல் உயரவேயில்லை.

“நீ என்னிலை எரிச்சலிலை செய்திருந்தா நான் மறந்திருப்பன் அக்கா. அதிலை உன்ரை குரலைக் கேட்டனியோ? அவ்வளவு விருப்பம். அவ்வளவு விருப்பத்தோடை ஒரு ஆளாலை இப்பிடிச் செய்ய முடியுமெண்டா, நான் உனக்குப் பக்கத்து அறையிலை எப்பிடிப் படுத்து நித்திரை கொள்ளுறது?”

லண்டனைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என்னைக் காப்பாற்ற யாரும் ஒரு வீடியோ அனுப்பவில்லை என்று. அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதே அருவருப்பாக இருந்தது. அவளை நான் எதிலிருந்தும் காப்பாற்றவில்லை.

“ஒண்டு மட்டும் உண்மையாச் சொல்லு,” என்றாள். “இன்னொருத்தர் என்னைக் கேட்டு வந்தா, எனக்கும் பிடிச்சா, திருப்பிச் செய்வியோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு சொல்லைக் கொடுத்திருந்தால் எப்படியாவது, எத்தனை வருடத்திலாவது, என்னோடு இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. அதுவும் மன்னிப்புக் கேட்கிற குரலில் வரவில்லை. குறை சொல்கிற குரலில், அவள்தான் எனக்கு ஏதோ செய்துவிட்டது போல வந்தது.

“நீ போனா நான் ஆரோடை ஆடுறது?”

தங்கை என்னை நன்றாகப் பார்த்தாள். லிண்டெருட்டில் கதவு திறந்ததும் ஆட்டச் சப்பாத்துப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எங்கள் நிலையத்துக்கு இன்னும் நான்கு இருந்தன. எழுந்து பின்னால் போயிருக்கலாம், நான் அசையவில்லை. சனிக்கிழமை அவளுடைய தோழி ஒருத்தி வந்து உடுப்புகளை எடுத்துப்போனாள். அம்மா, ஏன் எதற்கு என்று கேட்காமல், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டு, அந்தத் தோழியின் கையில் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார்.